வலது முழங்கையில் வெட்பாலை, இடது முழங்கையில் தேங்காய் எண்ணெய்: ஒரு சொரியாசிஸ் நிகழ்வு ஆய்வு

நோயாளி 47 வயது தையல்காரர். சேலம் மாவட்டத்தில் ஒரு சிறு நகரத்தில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். சொரியாசிஸ் வந்து பதினொரு வருடம் ஆகிறது. யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, இதே மாதிரி வந்த ஒன்றிரண்டு பேரின் விவரங்களையும் இவரோடு கலந்து, சிலவற்றை மாற்றி எழுதுகிறேன்.

அவரைத் தோல் மருத்துவரான என்னிடம் வரவைத்தது அரிப்போ வலியோ இல்லை. கையில் இருந்த ஒரு சீருடை ஆர்டர் போனதுதான். கருநீலப் பேன்ட் துணியை மேசையில் விரித்து வெட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய முழங்கையிலிருந்து வெள்ளைச் செதில் துணி மேல் உதிர்ந்துகொண்டே இருந்ததை, அளவு சொல்ல வந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். அப்போது ஒன்றும் பேசவில்லை. மறுநாள் ஆள் அனுப்பித் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். “தொத்து வியாதின்னு நினைச்சுட்டாங்க டாக்டர். ஒட்டாதுன்னு நான் சொன்னா யாருங்க நம்புவாங்க?” என்றார்.

ஒட்டாது. ஒரே துண்டு, ஒரே படுக்கை, ஒரே தட்டு என்று எதைப் பகிர்ந்தாலும் ஒட்டாது. உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் தோலையே தூண்டிவிடும் நோய் இது. மேல்தோல் செல் ஒன்று அடியில் பிறந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆக வேண்டும். சொரியாசிஸ் படையில் மூன்று முதல் ஐந்து நாளில் அந்தப் பயணம் முடிந்துவிடுகிறது. அரைவேக்காட்டில் மேலே வந்த செல்கள்தான் செதிலாக அடுக்கிக்கொள்கின்றன. சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை என்பார்கள். முழுசாக விரட்டும் வைத்தியம் எந்த முறையிலும் இல்லை. அடக்கி வைக்கலாம், வருடக்கணக்கில்கூட அடக்கி வைக்கலாம்.

வந்தபோது கண்டது

முழங்கை, முழங்கால், கெண்டைக்கால், இடுப்பில் பெல்ட் அழுத்தும் இடம் என்று தடித்த படைகள். நம் நிறத்தில் இவை புத்தகப் படம்போல் சிவப்பாகத் தெரியாது, கரும் ஊதாவாகத்தான் தெரியும். தலையில் முடி ஓரமெங்கும் கெட்டிச் செதில். அதைத்தான் முதல் இரண்டு வருடம் பொடுகு என்று நினைத்து ஷாம்பு மாற்றிக்கொண்டிருந்தார். நோயாளியின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அவர் உடம்புப் பரப்பில் சுமார் 1 சதவீதம். அந்தக் கணக்கில் ஒன்பது உள்ளங்கை அளவுக்குப் படை இருந்தது. சிவப்பு, தடிப்பு, செதில், பரப்பு நான்கையும் சேர்த்துப் போடும் பாஸி மதிப்பெண், 0 முதல் 72 வரை போகக்கூடியது, இவருக்கு 11.4.

உயரம் 166 செ.மீ., எடை 86 கிலோ. வாரத்தில் நாலைந்து நாள் சாயங்காலம் ஒரு குவார்ட்டர். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் மட்டும் சாப்பிடுகிறார். பீட்டா பிளாக்கர், லித்தியம், குளோரோகுயின் வகை மாத்திரைகள் சொரியாசிஸைக் கிளறிவிடும் என்பதால் சீட்டைப் பார்த்தேன், அவை எதுவும் இல்லை. அத்தைக்கும் இதே நோய் இருந்ததாம்.

விரல் நகங்களில் குண்டூசி முனை அளவுக்குச் சிறு குழிகள் இருந்தன. காலையில் எழும்போது மூட்டு இறுக்கம் உண்டா என்று கேட்டேன், இல்லை என்றார். நகக்குழி உள்ளவர்களுக்கு மூட்டுவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால் அதைக் குறித்து வைத்தேன்.

பதினொரு வருட வைத்தியம்

இவர் செய்யாத கைவைத்தியம் இல்லை. தேங்காய் எண்ணெய், கற்றாழை, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்த பூச்சு, கார்போகரிசி சேர்த்த குளியல் பொடி, காலை இளவெயில், பத்தியம். பத்தியம் என்றால் கத்தரிக்காய், மீன், கருவாடு, புளி எதுவும் கிடையாது. வீட்டில் அவருக்கு மட்டும் தனிக் குழம்பு, ஆறு வருடமாக.

இவற்றுக்கெல்லாம் தலைமை வெட்பாலைத் தைலம். தோட்டத்து வேலியோரம் நிற்கும் மரத்திலிருந்து இலையைப் பறித்து, இரும்பு படாமல் கையாலேயே கிள்ளி, தேங்காய் எண்ணெயில் போட்டு மொட்டை மாடியில் ஒரு வாரம் வைப்பார். இரண்டாம் நாளே எண்ணெய் ஊதா நிறத்துக்கு மாறத் தொடங்கிவிடும். ஏழாம் நாள் கண்ணாடிப் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் அந்தப் பக்கம் தெரியாத அளவுக்குக் கருத்திருக்கும். “இதுதாங்க எனக்குக் கேக்குது,” என்று உறுதியாகச் சொன்னார். சித்திரையில் ஆரம்பித்தால் ஆடிக்குள் உடம்பு பாதி தெளிந்துவிடுமாம். பிறகு மார்கழியில் மறுபடி வரும். அதற்கு அவர் வைத்திருந்த காரணம், அந்தச் சமயத்தில் எண்ணெயின் வீரியம் குறைந்துவிடுகிறது என்பது.

ஆனால் சித்திரையில் எண்ணெய் போட்டவர், சித்திரை வெயிலிலேயே மாடியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று அதைக் கிளறியிருக்கிறார், துணி உலர்த்தியிருக்கிறார். வேர்வையில் தோல் ஈரமாகவே இருந்திருக்கிறது. எண்ணெயும் வெயிலும் ஒரே பருவத்தில் வந்தன. பேர் எண்ணெய்க்குப் போனது. இவர் கதையில் நான் முக்கியமாகப் பார்ப்பது இந்தக் கணக்குக் குழப்பத்தைத்தான். கையில் ஏழெட்டு வைத்தியம் இருந்தது, சிலது நிஜமாகவே வேலை செய்தது, எது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாததால் உதவியதை விட்டார், உதவாததைப் பிடித்துக்கொண்டார், கெடுத்ததைக் கூடக் கொஞ்ச நாள் கொண்டாடினார்.

கெடுத்ததில் இரண்டைச் சொல்ல வேண்டும். முதலாவது மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிய களிம்பு. குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டோடு பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து எல்லாம் கலந்த ரகம். பூசினால் நாலு நாளில் மாயம், நிறுத்தினால் முன்பைவிட அதிகம். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுப் பூச்சுகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. விற்பனை நின்றபாடில்லை. இவருடைய தொடை இடுக்கில் தோல் மெலிந்து வரிவரியாகப் பிளந்திருந்தது அந்தக் களிம்பின் கைங்கரியம்.

இரண்டாவது இன்னும் மோசம். மூன்று வருடத்துக்கு முன்னால் யாரோ சொன்னார்கள் என்று ஒருவரிடம் ‘மூலிகைப் பொடி’ வாங்கினார். பொட்டலத்தில் எழுத்து எதுவும் இல்லை. தினம் இரண்டு வேளை தேனில் குழைத்துச் சாப்பிட, ஒரே மாதத்தில் தோல் வழவழப்பாகிவிட்டது. பசி அகோரமாயிற்று, முகம் உப்பியது, அதுவரை இல்லாத சர்க்கரை எட்டிப் பார்த்தது. விலை கட்டுப்படியாகாமல் ஒரு நாள் சடாரென்று நிறுத்தினார். அடுத்த பத்து நாளில் தலை முதல் பாதம் வரை சிவந்து, குளிர் நடுக்கம் எடுத்து, மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. பொடியில் மிச்சம் இல்லாததால் யாரும் சோதிக்கவில்லை. ஆனால் மாத்திரை வடிவ ஸ்டீராய்டைச் சாப்பிட்டுத் திடீரென்று நிறுத்தினால் சொரியாசிஸில் நடப்பது அப்படியே இதுதான். அதனால்தான் தோல் மருத்துவர்கள் இந்த நோய்க்கு அந்த மாத்திரையைத் தரத் தயங்குகிறோம்.

இத்தனைக்கும் பிறகு “மூலிகைன்னா பக்க விளைவு இல்லைங்களே” என்று என்னிடமே சொன்னார். சரி, என்ன செய்ய.

ஒப்பந்தம்

ஆங்கில மருந்து வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தார். உயிருக்கு ஆபத்தான நிலை இல்லை, மூட்டு வலி இல்லை, காய்ச்சல் இல்லை. அதனால் சில மாதம் அவர் வழியிலேயே போகலாம் என்று ஒப்புக்கொண்டேன். ஒரே நிபந்தனை: பேர் தெரியாத பொடியும் களிம்பும் வீட்டில் இருக்கக் கூடாது, எதைச் செய்தாலும் எதற்காகச் செய்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும். தலைக்கு மட்டும் சாலிசிலிக் அமிலமும் நிலக்கரித் தாரும் சேர்ந்த ஷாம்பு எழுதினேன். ஆரம்பித்தது ஐப்பசிக் கடைசியில். அவருக்கு வழக்கமாக மோசமாகும் பருவம் அப்போதுதான் தொடங்கும். எனக்கு அது வசதியாகப் போயிற்று. மார்கழியில் தேறினால் புகழை வெயிற்காலத்துக்குக் கொடுக்க முடியாதல்லவா.

முதலில் மாற்றியது குளியல். சனிக்கிழமை தோறும் எண்ணெய் தேய்த்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, பீர்க்கங்காய் நாரால் படையைத் தேய்த்தெடுப்பார். செதில் போய், அடியில் புள்ளிப் புள்ளியாக ரத்தம் கசியும். அழுக்கு வெளியேறுகிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். படையைச் சுரண்டினால் இப்படிப் புள்ளி ரத்தம் வருவது இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று. காயம் பட்ட தோலில் புதுப் படை முளைப்பதும் அப்படித்தான். ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிஷ் கோப்னர் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து எழுதிவிட்டார். நார் குப்பைக்குப் போனது. வெதுவெதுப்பான தண்ணீர், பத்து நிமிடத்துக்குள் குளியல், சோப்பு அக்குளுக்கும் இடுப்புக்கும் மட்டும். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுசாகக் காய்வதற்குள் எண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ பூச வேண்டும். விலை குறைந்த வைத்தியம். இதைவிட அதிகம் ஏளனம் செய்யப்பட்ட வைத்தியமும் இல்லை. “வெறும் வேசலினா டாக்டர்?” என்று கேட்காத நோயாளி அபூர்வம்.

இரண்டாவது, தையல் மேசை. வெட்டும்போது இடது முழங்கையை மரப்பலகையில் ஊன்றித்தான் குனிவார். பதினொரு வருடமாக அந்த எலும்பு முனை ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் முறை உரசியிருக்கும்! மிச்சத் துணிக்குள் ஸ்பாஞ்ச் வைத்துத் தானே ஒரு மெத்தை தைத்துக்கொண்டார். பெல்ட்டையும் விட்டு, நாடா வைத்த பேன்டுக்கு மாறினார். தையல்காரராக இருப்பதில் இப்படி ஒரு சௌகரியம்.

முழங்கைச் சோதனை

வெட்பாலையை நான் ஒதுக்கவில்லை. ஒதுக்க முடியாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்த இலையில் நீலச்சாயம் எடுக்கும் வழக்கம் இந்தியாவில் முன்பு இருந்தது. எண்ணெய் ஊதாவாவதும் அதே ரசாயனக் குடும்பத்தால்தான். இலையில் இண்டிகோவும் அதன் பங்காளியான இண்டிருபினும் இருப்பதை ஆய்வாளர்கள் பிரித்தெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். சீன மருத்துவத்தில் வேறு செடிகளிலிருந்து எடுக்கும் நீலப்பொடி ஒன்று உண்டு. 2008-இல் தைவானில் 42 சொரியாசிஸ் நோயாளிகளுக்கு அந்தப் பொடியில் செய்த களிம்பை ஒரு பக்கப் படைக்கும், பொடி சேர்க்காத வெறும் களிம்பை மறுபக்கப் படைக்கும் பன்னிரண்டு வாரம் பூசிப் பார்த்தார்கள். 31 பேருக்கு மருந்து பூசிய படை முழுசாகவோ ஏறக்குறைய முழுசாகவோ மறைந்தது. இண்டிருபின் தோல் செல்லில் ஏஎச்ஆர் என்ற ஏற்பியைத் தூண்டுகிறது. தார் களிம்பும் அதே கதவைத்தான் தட்டுகிறது. 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாபினரோஃப் என்ற புதிய சொரியாசிஸ் பூச்சும் அதே வழியில் போவதுதான். ஆக, வேலியோர மரத்துக்கு ஏதோ விஷயம் இருக்கலாம். ஆனால் சீனப் பொடிக்குக் கிடைத்த கணக்கை நம் எண்ணெய்க்கு ஒட்டிவிட முடியாது. வீட்டில் போடும் எண்ணெயில் எவ்வளவு இண்டிருபின் இறங்குகிறது என்பது இலையையும் வெயிலையும் பொறுத்து பாட்டிலுக்குப் பாட்டில் மாறும்.

அதனால் அவரையே சோதனைச்சாலை ஆக்கினோம். ஒரே கடையில் வாங்கிய தேங்காய் எண்ணெய், ஒரே அளவு இரண்டு பாட்டில். ஒன்றில் வெட்பாலை, ஒன்றில் ஒன்றுமில்லை. வலது முழங்கைக்கு வெட்பாலை, இடதுக்கு வெறும் எண்ணெய், தினம் ராத்திரி. ஊதாக் கறை வாடிக்கையாளர் துணியில் பட்டால் போகாது என்பதால் பகலில் பூசும் பேச்சே இல்லை. கறுப்புத் துணியில் இரண்டு கைக்குழாய் தைத்து மாட்டிக்கொண்டு தூங்கினார்.

பார்த்துச் சொல்வதில்தான் சிக்கல். வெட்பாலை பூசிய தோலே ஊதாவாக இருக்கும்போது படையின் நிறம் குறைந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு அவர் மனைவி ஒரு வழி சொன்னார். தான் கண்ணை மூடிக்கொண்டு, கணவரின் இரண்டு முழங்கையையும் விரல் நுனியால் தடவி, எந்த விளிம்பு மேடாக இருக்கிறது என்று சொல்வது. எந்தக் கை எது என்று தெரியாமலிருக்க நோயாளியைத் திருப்பி உட்கார வைத்துக் கையை மாற்றி மாற்றி நீட்டுவோம். இதைவிட நல்ல யோசனை எனக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் வாரம் இரண்டு முழங்கையிலும் செதில் இல்லை. வித்தியாசமும் இல்லை. அந்த அம்மா தடவிப் பார்த்துவிட்டு “ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குதுங்க” என்றார். நோயாளிக்கு முகம் விழுந்துவிட்டது. பதினொரு வருடமாக வெட்பாலைக்குக் கொடுத்த பாராட்டில் பாதி தேங்காய் எண்ணெய்க்குப் போக வேண்டியது. எட்டாம் வாரம் நிலைமை கொஞ்சம் மாறியது. வலது விளிம்பு தட்டையாகிவிட்டது, இடதில் மேடு மிச்சமிருந்தது. மூன்று முறை கை மாற்றி நீட்டியும் மூன்று முறையும் அதையே சொன்னார்.

நோயாளி சந்தோஷப்பட்டார். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அவர் மேசையில் ஊன்றுவது இடது முழங்கையை. மெத்தை வைத்தாலும் உரசல் அந்தப் பக்கம்தானே அதிகம்? எண்ணெய்களை இடம் மாற்றி இன்னொரு எட்டு வாரம் பூசலாம் என்றேன். “நல்லாயிருக்கற கையைக் கெடுத்துக்கச் சொல்றீங்களா டாக்டர்?” என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார். ஆராய்ச்சி அதோடு முடிந்தது. பொங்கலுக்கு உறவினர் வீட்டுக்குப் போய் பத்து நாள் எண்ணெயே தொடாமல் திரும்பியபோது இரண்டு முழங்கையிலும் செதில் எட்டிப் பார்த்திருந்தது. அது மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது.

இப்படி ஒரே ஆளின் இரண்டு பக்கத்தை ஒப்பிடும் முறை கற்றாழைக்கும் நடந்திருக்கிறது. 2005-இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வில் 41 பேர். கற்றாழை ஜெல் பூசிய பக்கத்தில் 72.5 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. கேட்டதும் துள்ளத் தோன்றும். கற்றாழை இல்லாத ஜெல் பூசிய பக்கத்தில் 82.5 சதவீதம். ஈரம் காத்தால் சொரியாசிஸ் தோல் கொஞ்சம் தேறத்தான் செய்யும். அதன் மேல் எந்த இலையின் பெயரை எழுதினாலும் அது ஜெயித்தது போலத்தான் தெரியும்.

வெயில், கார்போகரிசி, வாய்

இளவெயில் நல்லது என்று காலை ஆறரைக்கு மாடியில் நிற்பார். சொரியாசிஸை அடக்குவது வெயிலில் உள்ள யுவி-பி என்ற புற ஊதாக் கதிர். நம் நிழல் நம்மைவிட நீளமாக விழும் நேரத்தில் அது மிகக் குறைவு. கண்ணாடி ஜன்னலுக்குள் உட்கார்ந்தாலும் வராது. மருத்துவமனை ஒளி சிகிச்சையில் 311 நானோமீட்டர் அளவைச் சுற்றியுள்ள கதிரைத்தான் அளந்து கொடுக்கிறார்கள். வீட்டில் அளக்க முடியாது. அதனால் பத்தரை மணி வாக்கில், காலில் படை உள்ள இடம் மட்டும் தெரியும்படி, முகத்தையும் மற்ற தோலையும் மூடிக்கொண்டு, முதல் வாரம் நாலைந்து நிமிடம், பிறகு மெல்லக் கூட்டுவது என்று வைத்துக்கொண்டோம். கெட்டியாக எண்ணெய் பூசிக்கொண்டு நிற்கக் கூடாது, கதிர் உள்ளே போகாது.

இங்கேதான் கார்போகரிசிப் பொடியை நிறுத்தச் சொன்னேன். அந்த விதையில் சோராலென் இருக்கிறது. தோலை வெளிச்சத்துக்குக் கூசச் செய்யும் பொருள். 1970-களில் அமெரிக்காவில் சோராலெனையும் யுவி-ஏ விளக்கையும் சேர்த்துப் பெரிய சிகிச்சையாகவே வளர்த்தார்கள், ஆனால் அளந்து. அளக்காமல் பொடியைத் தேய்த்துக் குளித்துவிட்டு உச்சி வெயிலில் நின்றால் கொப்புளம் வெடிக்கும். அவருக்கே ஒரு கோடையில் தோள்பட்டை வெந்திருக்கிறது. ‘உஷ்ணம்’ என்று மோர் குடித்தாராம்.

பத்தியத்தைக் கலைத்தோம். கத்தரிக்காயோ புளியோ சொரியாசிஸைக் கிளப்பும் என்பதற்கு ஆதாரம் இல்லை. வாரம் ஒன்றாக எல்லாவற்றையும் தட்டில் திரும்பக் கொண்டுவந்து, படையில் மாற்றம் வந்தால் குறிக்கச் சொன்னேன். குறிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஆறு வருடம் கழித்து அயிலை மீன் குழம்பு. மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிடலாமா என்று அவர் மகள் கேட்டாள். நார்வேயில் 145 பேரை வைத்துச் செய்து 1993-இல் வெளியான ஆய்வில் அது சோள எண்ணெயைவிட ஒன்றும் கூடுதலாகச் செய்யவில்லை. அந்தக் காசுக்கு மீனே வாங்கிச் சாப்பிடலாம் என்றேன்.

விட வேண்டியது வேறு. டீயோடு பஜ்ஜி, ராத்திரி ஒன்பதரைக்கு மேல் பரோட்டா, குவார்ட்டர். டென்மார்க்கில் 60 பருமனான நோயாளிகளில் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் பதினாறு வாரத்தில் மற்றவர்களைவிடச் சுமார் 15 கிலோ அதிகம் குறைந்தார்கள். படை மதிப்பெண்ணில் கிடைத்த வித்தியாசம் 2 தான். புள்ளியியல் கணக்கில் அது நூலிழையில் தேறவில்லை. ஆனால் அன்றாட வாழ்க்கை சுலபமானதாக அவர்கள் சொன்னது தேறியது. எடை குறைப்பு மாயவித்தை இல்லை. இருந்தாலும் சொரியாசிஸ்காரருக்குச் சர்க்கரை, இதய நோய் ஆபத்து ஏற்கெனவே கூடுதல் என்பதால், படைக்கு உதவாவிட்டாலும் நஷ்டமில்லாத வைத்தியம். இவர் குடியை வாரம் ஒரு நாளாக்கினார், ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் கொண்டுவந்தார். மாசி முடியும்போது 79 கிலோ.

மன உளைச்சலைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. முடிதிருத்தும் கடையில் தனி டவல் கொண்டுவரச் சொன்னார்கள் என்று மட்டும் ஒரு நாள் சொன்னார். 1998-இல் அமெரிக்காவில் 37 பேருக்கு ஒளி சிகிச்சை நடந்தபோது பாதிப் பேருக்குத் தியான ஒலிநாடா போட்டார்கள், அவர்களுக்குத் தோல் சீக்கிரம் தெளிந்தது. சிறிய ஆய்வு. இவரிடம் சொன்னதற்கு, மிஷினில் உட்கார்ந்தால் அதுதான் எனக்குத் தியானம் என்றார். விட்டுவிட்டேன்.

விளைவும் அதற்குப் பிறகும்

மாசிக் கடைசியில் பாஸி 4.3. பாதிக்கு மேல் இறங்கியிருந்தது, அதுவும் அவருக்கு எப்போதும் மோசமான பருவத்தைத் தாண்டி. தலையில் செதில் உதிர்வது நின்றது. முழங்கால் படைகள் பெரும்பாலும் தட்டையாகிக் கரும்புள்ளியாக நின்றன. அந்தக் கருமை போகப் பல மாதம் ஆகும், நோய் மிச்சமிருக்கிறது என்று நினைத்துத் தேய்க்கத் தொடங்கிவிடக் கூடாது என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினேன்.

எதற்கு எவ்வளவு பங்கு? என் கணிப்பு இது. செதில் போனது முழுக்க ஈரப்பதத்தாலும் நாரை விட்டதாலும். காலில் தடிப்பு குறைந்ததில் வெயிலுக்குப் பெரும் பங்கு. முழங்கைக்கு மெத்தையும் எண்ணெயும். வெட்பாலைக்குத் தேங்காய் எண்ணெயை மிஞ்சிய பங்கு ஒன்று இருக்கலாம், அது அவர் நினைத்த அளவில் இல்லை. குடியும் எடையும் குறைந்ததன் பலன் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பத்தியத்தின் பங்கு பூஜ்யம், அதைக் கலைத்ததில் வீட்டுக்கு ஒரு அடுப்பு மிச்சம்.

பங்குனியில் வேறு ஒன்று வந்தது. வலது காலின் இரண்டாவது விரல் முழுசும் ஒரே பருமனாக வீங்கிச் செருப்பு நுழையவில்லை. காலையில் கத்தரிக்கோல் வளையத்துக்குள் கட்டைவிரலை நுழைக்க அரை மணி நேரம் பிடிக்கிறது என்றார். நகக்குழி முதல் நாளே சொல்லிக்கொண்டிருந்த சொரியாசிஸ் மூட்டுவாதம். தோல் நன்றாக இருக்கும்போதும் இது வரும். தோலைப் போல இது திரும்பித் தேறாது, அரித்த மூட்டு அரித்ததுதான். எண்ணெய்க்கோ வெயிலுக்கோ இங்கே வேலையில்லை. விரலில் வெட்பாலை தேய்த்துக் கட்டிக்கொண்டுதான் வந்திருந்தார், வீக்கத்துக்கு மேல் ஊதா நிறம்.

மூட்டு மருத்துவர் பார்த்து, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைத் தொடங்கினார். இதற்குத்தான் நீண்ட பேச்சுவார்த்தை தேவைப்பட்டது. தைக்கும் தொழில் விரலில்தான் இருக்கிறது என்பது கடைசியில் அவரை ஒப்புக்கொள்ள வைத்தது. இந்த மாத்திரை வாரத்தில் ஒரே ஒரு நாள். தினமும் சாப்பிட்டு ரத்த அணுக்கள் சரிந்து உயிர் போனவர்கள் உண்டு என்பதால், ‘ஞாயிறு மட்டும்’ என்று மாத்திரை அட்டையிலேயே பெரிய எழுத்தில் எழுதிக்கொடுத்தோம். கூடவே ஃபோலிக் அமிலம், குறித்த இடைவெளியில் ஈரல், ரத்தப் பரிசோதனை. வாரம் ஒரு நாள் குவார்ட்டரும் அதோடு நின்றது, ஈரல் இரண்டையும் தாங்காது. எந்தப் பொடி, கஷாயம் குடிப்பதாக இருந்தாலும் முதலில் எங்களிடம் சொல்ல வேண்டும் என்றோம். மேலே பூசும் எண்ணெயைத் தொடர எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆடி வாக்கில் விரல் வீக்கம் வடிந்திருந்தது. முழங்காலில் மிச்சமிருந்த தடிப்பும் போய்விட்டது. மெத்தோட்ரெக்சேட் தோலுக்கும் வேலை செய்யும் மருந்து என்பதால் அதில் ஆச்சரியமில்லை. உறவுக்காரர்கள் பார்த்துவிட்டு என்ன வைத்தியம் என்று கேட்டு நச்சரிக்கிறார்களாம். சித்திரையில் போட்ட வெட்பாலைத் தைலத்தில் மூன்று பாட்டில் சொந்தத்துக்குள்ளேயே போய்விட்டது, அடுத்த வருடத்துக்கும் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்கள். மாத்திரையைப் பற்றிச் சொன்னீர்களா என்று கேட்டேன்.

“சொன்னா எண்ணெயை யாரு டாக்டர் வாங்குவா?” என்று சிரித்தார்.